வீட்டு இருட்டறைக்கு ரசாயனம் வாங்குவதும் கலப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவுகிறவர்களும், கழுவலாமா என்று யோசிப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். நான் சென்னைவாசி. ஆகவே கடையும் வெயிலும் தண்ணீரும் சென்னைக் கணக்கு. வேறு மாதிரி சொல்லாத இடங்களில் அளவு எல்லாமே 1 லிட்டர் கரைசலுக்கு.

மொத்தம் எத்தனை கரைசல் வேண்டும்?

மூன்று. டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர். ஒளி பட்ட வெள்ளி உப்பை டெவலப்பர் கறுப்பு வெள்ளியாக மாற்றும். ஸ்டாப் பாத் அந்த வேலையைச் சட்டென்று நிறுத்தும். ஒளி படாமல் மிச்சமிருக்கும் உப்பை ஃபிக்ஸர் கரைத்து வெளியே கொண்டுவந்துவிடும். ஃபிக்ஸருக்குப் பழைய ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் பெயர் ஹைப்போ. அதன் மூலப்பொருளான சோடியம் தயோசல்பேட் (கடையில் இதற்கும் பெயர் ஹைப்போதான்) வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று ஜான் ஹெர்ஷல் கண்டது 1819இல், புகைப்படம் என்ற ஒன்று வருவதற்கு முன்பே. இன்றும் அதே உப்புதான்.

பாக்கெட்டாக விற்கிறார்களே, எதற்கு இந்த வேலை?

வருடத்துக்கு இரண்டு ரோல் எடுக்கிறவர் என்றால் பாக்கெட்டையே வாங்குங்கள், இந்தப் பக்கத்தை மூடிவிடலாம். மாதம் இரண்டு மூன்று ரோல் கழுவுகிறவருக்குத்தான் இது. உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இண்டு' என்ற பெயரில் பிலிமும் பேப்பரும் செய்துகொண்டிருந்தது. அது மூடப்பட்ட பிறகு நமக்கு வருவது பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. சில மாதம் கிடைக்கும், சில மாதம் கிடைக்காது. பொடிகள் கலந்த பாக்கெட்டைப் பாதி பிரித்துக் கலக்கவும் முடியாது. உள்ளே எந்தப் பொடி எங்கே ஒதுங்கியிருக்கிறது என்று தெரியாது, மொத்தமாகத்தான் கலக்க வேண்டும். தனித்தனி உப்பாக வாங்கி வைத்தால் அரை லிட்டர் கூடக் கலக்கலாம், இன்று கலந்து இன்றே பயன்படுத்தலாம்.

முதலில் எந்த டெவலப்பரைக் கலப்பது?

டி-23. இரண்டே பொருள்: மெட்டோல் 7.5 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம். அவ்வளவுதான். இதைக் கலக்கத் தெரிந்தால் மற்றவை எல்லாம் இதன் நீட்சிதான்.

எப்படிக் கலப்பது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். 750 மில்லி தண்ணீரை 50 டிகிரி சுமாருக்குச் சூடாக்குங்கள். விரல் வைத்தால் உடனே எடுக்கத் தோன்றும் சூடு, கொதி அல்ல. அதில் முதலில் ஒரு சிட்டிகை சல்பைட். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மெட்டோலைப் பிடிக்காமல் இருக்க இது. பிறகு மெட்டோல் முழுவதையும் போட்டுக் கலக்குங்கள். கண்ணாடிக் குச்சி இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கரண்டி போதும், ஆனால் அது சமையலறைக்குத் திரும்பக் கூடாது. மெட்டோல் மணல் மாதிரி சுழன்று இரண்டு நிமிடத்தில் மறைந்துவிடும். அப்புறம்தான் மிச்ச சல்பைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவது. மொத்தமாகக் கொட்டினால் அடியில் கட்டிதட்டிவிடும், உடைக்கப் பத்து நிமிடம் போராட வேண்டும். எல்லாம் கரைந்து தெளிந்ததும் பச்சைத் தண்ணீர் விட்டு 1 லிட்டர் ஆக்குங்கள்.

வரிசையை மாற்றி சல்பைட் முழுவதையும் முதலில் போட்டால், கெட்டியான சல்பைட் கரைசலில் மெட்டோல் கரையவே கரையாது. வெள்ளைத் துகள் மிதந்துகொண்டே இருக்கும். நம்பாமல் ஒரு முறை செய்து பார்த்தேன், வடிகட்டிக் கீழே கொட்டியதுதான் மிச்சம்.

டெவலப்பரில் வைக்கும் நேரத்துக்கு, உங்கள் பிலிமுக்கு டி-76 என்ற டெவலப்பரில் என்ன நேரம் போட்டிருக்கிறதோ அதில் தொடங்குங்கள். நெகட்டிவ் மெலிந்து வந்தால் அடுத்த ரோலுக்குக் கூட்டலாம்.

டி-76ஐயே கலக்கலாமா?

தாராளமாக. மெட்டோல் 2 கிராம், நீரற்ற சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம், இதே வரிசையில். கலந்து வைத்த டி-76 நாளாக ஆகக் கொஞ்சம் வேகம் கூடும் என்பது பழைய புகார். ஹைட்ரோகுவினோனும் சல்பைட்டும் மெல்ல வினைபுரிந்து காரத்தன்மையை ஏற்றுவதுதான் காரணம். அதைத் தடுக்க வெங்காரத்தை 8 கிராமாக்கி, கூடவே போரிக் ஆசிட் 8 கிராம் சேர்ப்பவர்கள் உண்டு.

இதையெல்லாம் எங்கே வாங்குவது?

பாதிப் பொருள் உங்கள் தெருவிலேயே இருக்கிறது, பெயர்தான் வேறு. போராக்ஸ் என்றால் வெங்காரம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், நகை ஆசாரிகளும் வைத்திருப்பார்கள். பிலிமின் ஜெலட்டினைக் கெட்டிப்படுத்த ஃபிக்ஸரில் சேர்க்கும் பொட்டாஷ் ஆலம் நம் படிகாரம்தான். ஸ்டாப் பாத்துக்குத் தேவையான சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையின் எலுமிச்சை உப்பு. ஹைப்போவை வண்ண மீன் கடையில் கேளுங்கள், குழாய்த் தண்ணீரின் குளோரினைப் போக்க அதே படிகத்தைத்தான் விற்கிறார்கள். நீலம் கலந்த திரவமாக இருந்தால் வேண்டாம், கல்கண்டு போன்ற வெறும் படிகமாகக் கேட்டு வாங்குங்கள்.

மெட்டோல், ஹைட்ரோகுவினோன், சல்பைட், பொட்டாசியம் புரோமைடு (மூட்டம் படியாமல் தடுக்கச் சில டெவலப்பர்களில் சேர்ப்பது) இந்த நான்குக்கும்தான் ரசாயனக் கடைக்குப் போக வேண்டும். சென்னையில் பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருப் பக்கம் போனால் கல்லூரி ஆய்வகங்களுக்குச் சரக்குக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் தங்கள் ஊரில் பள்ளி, கல்லூரி லேபுக்குப் பொருள் கொடுப்பது யார் என்று விசாரித்தால் போதும். சல்பைட் 500 கிராம் டப்பாவில் வரும். மெட்டோல் 100 கிராம் வாங்குங்கள். அதில் 13 லிட்டர் டி-23 கலக்கலாம், ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் சேர்த்து ரோலுக்கு 150 மில்லி வீதம் எடுத்தால் எண்பது ரோலுக்கு மேல் வரும்.

கடைக்காரர் எதற்கு என்று கேட்பார். பிலிம் கழுவ என்று சொல்லுங்கள். வயதானவராக இருந்தால் அப்புறம் அரை மணி நேரம் கதை கேட்டுவிட்டுத்தான் வர முடியும்.

எல்.ஆர்., ஏ.ஆர். என்கிறார்களே, எது?

எல்.ஆர்., அதாவது சாதாரண ஆய்வகத் தரம், போதும். ஏ.ஆர். என்பது நுட்பமான பகுப்பாய்வுக்கான தரம், விலையும் அதற்கேற்ப இருக்கும். மூட்டையில் வரும் கமர்ஷியல் சரக்கை ஹைப்போவுக்கும் சலவைச் சோடாவுக்கும் பயன்படுத்தலாம். டெவலப்பருக்குப் போகும் சல்பைட்டில் மட்டும் கஞ்சம் வேண்டாம்.

சல்பைட், சல்பேட், சல்பைடு மூன்றும் ஒன்றா?

கிடையாது. ஆள் மாறாட்டம் அதிகம் நடக்கும் இடம் இதுதான். சோடியம் சல்பைட் நமக்கு வேண்டியது. சோடியம் சல்பேட் டெவலப்பரைக் காப்பாற்றாத வெறும் உப்பு. சோடியம் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், வீட்டுக்குள்ளேயே கொண்டு வராதீர்கள். வாயால் சொன்னால் முதலாவதும் மூன்றாவதும் ஒன்று போலவே கேட்கும். ஆகவே டப்பாவில் அச்சிட்டிருக்கும் சி.ஏ.எஸ். எண்ணைப் பாருங்கள். உலகம் முழுக்க ஒரு பொருளுக்கு ஒரே எண். சல்பைட் 7757-83-7. சல்பேட் 7757-82-6. பாருங்கள், எண்ணில் கூட அண்டை வீட்டுக்காரர்கள்! மெட்டோல் 55-55-0, ஹைட்ரோகுவினோன் 123-31-9, பொட்டாசியம் புரோமைடு 7758-02-3, ஹைப்போ படிகம் 10102-17-7. ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சாயப் பட்டறைகளில் 'ஹைட்ரோஸ்' என்று ஒன்று புழங்கும். அது சோடியம் ஹைட்ரோசல்பைட், வேறு பொருள். பெயரில் சல்பைட் இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.

'நீரற்ற' என்று ஏன் அழுத்திச் சொல்கிறீர்கள்?

சில உப்புகள் படிகத்துக்குள் தண்ணீரைச் சுமந்துகொண்டு வரும். எடை போடும்போது அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் போடுகிறோம். நீரற்ற சல்பைட் 100 கிராம் என்று குறிப்பில் இருந்து, உங்களிடம் படிக சல்பைட் இருந்தால் 200 கிராம் போட வேண்டும். சலவைச் சோடாவில் வித்தியாசம் இன்னும் பெரிது: நீரற்றது 100 கிராம், ஒற்றை நீர் கொண்டது 117 கிராம், கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும் படிகச் சோடா 270 கிராம், மூன்றும் சமம். ஹைப்போவில் நீரற்ற பொடி 100 கிராமுக்குப் படிகம் 157 கிராம். டப்பாவில் அன்ஹைட்ரஸ், மோனோஹைட்ரேட், டெக்காஹைட்ரேட் என்று ஏதாவது ஒன்று இருக்கும், படித்துவிட்டு எடை போடுங்கள்.

ஆப்பச் சோடாவைச் சலவைச் சோடாவுக்குப் பதிலாகப் போடலாமா?

போட்டவன் சொல்கிறேன், கேளுங்கள். முதல் முறை காபி டெவலப்பர் (அடுத்த கேள்வியில் வருகிறது, சலவைச் சோடா அதற்குத்தான்) கலந்தபோது மளிகைக் கடையில் 'சோடா உப்பு' என்று கேட்டேன். கொடுத்தார்கள், அளந்தேன், கலந்தேன், பதினைந்து நிமிடம் பிலிம் கழுவும் டாங்கைப் புரட்டினேன். உள்ளே இருந்தது பாட்டியின் சதாபிஷேகத்து ரோல். திறந்து பார்த்தால் கண்ணாடி மாதிரி பிலிம். விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் மட்டும் தீபாராதனை நடக்கும் இடத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. கடைக்காரர் மீது தப்பில்லை, நான் கேட்டதைத்தான் கொடுத்தார். ஆப்பச் சோடா பைகார்பனேட், அதன் காரம் டெவலப்பரைக் கிளப்பப் போதாது.

அன்றிலிருந்து மஞ்சள் பொடியை வைத்துச் சோதிக்கிறேன். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அதே வித்தைதான். சந்தேகமான சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஒரு சிட்டிகை மஞ்சள் போடுங்கள். சலவைச் சோடா என்றால் நல்ல ஆரத்திச் சிவப்பு. ஆப்பச் சோடா என்றால் மஞ்சள் லேசாக மங்குவதோடு சரி.

ஆப்பச் சோடாதான் கையில் இருக்கிறது என்றால் வறுத்து மாற்றலாம். இரும்பு அல்லது எவர்சில்வர் வாணலியில், மிதமான தீயில், கிளறிக்கொண்டே இருங்கள். அலுமினியம் வேண்டாம், சோடா அதை அரிக்கும். நீராவியும் கரியமில வாயுவும் போய், 100 கிராம் போட்டது 63 கிராமில் வந்து நிற்கும். எடை குறைவது நின்றால் நீரற்ற சலவைச் சோடா தயார்.

காபியில் நிஜமாகவே பிலிம் கழுவ முடியுமா?

முடியும். 1995இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரின் வகுப்பில் பிறந்தது, பெயர் கஃபெனால். நீரற்ற சலவைச் சோடா 54 கிராம், வைட்டமின் சி பொடி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபித்தூள் 40 கிராம், 20 டிகிரியில் 15 நிமிடம். வேலை செய்வது கஃபீன் இல்லை, காபியில் உள்ள கஃபெயிக் ஆசிட் வகைகள். நம் ஊர் இன்ஸ்டன்ட் தூள் பலவற்றில் சிக்கரி கலந்திருக்கும், பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்து முழுக் காபியாக வாங்கினால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். வைட்டமின் சி மாத்திரையைப் பொடிக்காதீர்கள், அதில் சர்க்கரையும் மாவும்தான் அதிகம். நாற்றத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். ஈரக் கோணியில் காபியைக் கொட்டி வெயிலில் வைத்த மாதிரி இருக்கும். ஃபில்டர் காபி பிரியர்கள் இரண்டு நாள் காபி குடிக்க மாட்டார்கள்.

ஒரு தடவை விளையாட்டுக்குச் செய்து பாருங்கள். முக்கியமான ரோலை மட்டும் இதில் போட வேண்டாம். காரணம் மேலேயே சொல்லிவிட்டேன்.

ஸ்டாப் பாத், ஃபிக்ஸர் அளவு?

ஸ்டாப் பாத்துக்கு எலுமிச்சை உப்பு 15 கிராம். அசிட்டிக் ஆசிட் தேடி அலைய வேண்டியதில்லை. ஆசிட் விற்பனைக்கு 2013இல் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடுகளுக்குப் பிறகு அடையாள அட்டை, பதிவேடு என்று வேலை அதிகம். அந்த நெடியும் இல்லாமல் போகிறதே.

ஃபிக்ஸருக்கு ஹைப்போ படிகம் 250 கிராம், சல்பைட் 15 கிராம். ஹைப்போ கரையும்போது சூட்டை உறிஞ்சும், பாத்திரத்தின் வெளிப்பக்கம் பானைத் தண்ணீர் போலச் சில்லென்று ஆகிவிடும். அதனால் வெந்நீரில்தான் தொடங்க வேண்டும். சல்பைட் சேர்க்காமல் விட்டால், ஸ்டாப் பாத்தின் புளிப்பு ஒட்டிக்கொண்டு வந்ததும் ஹைப்போ பிரிந்து கந்தகம் மோர் மாதிரித் திரியும். திரிந்ததைக் கொட்டிவிடுங்கள்.

பிலிமின் முனையில் வெட்டிய துண்டை ஃபிக்ஸரில் போட்டு, பால் நிறம் போய்த் தெளிய எத்தனை நிமிடம் என்று பாருங்கள். அதைப் போல் இரண்டு மடங்கு நேரம் ரோலுக்கு. தெளியும் நேரம் புதிதில் இருந்ததைவிட இரட்டித்துவிட்டால் ஃபிக்ஸரின் ஆயுள் முடிந்தது.

என்ன தராசு வேண்டும்?

0.1 கிராம் காட்டும் பாக்கெட் தராசு. சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க 10 ரூபாய் நாணயத்தை வையுங்கள், 7.7 கிராம் சுமாருக்குக் காட்ட வேண்டும். டி-23இன் மெட்டோல் அளவுக்கு வெகு பக்கத்தில் இருப்பதால் எனக்கு அந்த நாணயத்தின் மீது தனிப் பாசம். சல்பைட் 95 ஆனாலும் 105 ஆனாலும் பிலிம் கண்டுபிடிக்காது. மெட்டோலில் மட்டும் கவனம்.

எந்தத் தண்ணீர்?

டெவலப்பருக்கு ஆர்.ஓ. தண்ணீர், அல்லது பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீர். போர் தண்ணீரின் கடினத்தன்மை சல்பைட்டோடும் சோடாவோடும் சேர்ந்து வெள்ளைக் கசடு ஆகும். மற்ற கரைசல்களுக்குக் குழாய்த் தண்ணீர் பரவாயில்லை.

கடைசியாக அலசுவதற்கு அரை மணி நேரம் குழாயைத் திறந்துவிடச் சொல்லும் பழைய வழக்கம் இந்த ஊருக்குச் சரிப்படாது. பிலிம் நிறுவனமான இல்ஃபோர்டு சொல்லும் முறை ஒன்று உண்டு: டாங்கை நிரப்பி 5 முறை புரட்டிக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பி 10 முறை, பிறகு 20 முறை. முடிந்தது. ஃபிக்ஸரில் படிகாரம் சேர்த்திருந்தால் மட்டும் இது போதாது, அதனால்தான் நான் சேர்ப்பதில்லை.

20 டிகிரி என்று போட்டிருக்கிறது. மே மாதம் குழாயில் வெந்நீர் வருகிறதே?

20க்கு இறக்கியே ஆக வேண்டும் என்றில்லை. 24 டிகிரியில் கழுவுங்கள், நேரத்தை முக்கால் பங்குக்குச் சற்றுக் கீழே குறையுங்கள். கோடாக்கின் ட்ரை-எக்ஸ் பிலிமுக்கு டி-76இல் 20 டிகிரியில் 6¾ நிமிடம், 24 டிகிரியில் 4¾ நிமிடம். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றிக் கொட்டும் நேரத்திலேயே திட்டுத்திட்டாக வந்துவிடும். ஆகவே டெவலப்பரில் சமபங்கு தண்ணீர் சேர்த்து நேரத்தை நீட்டிக்கொள்ளுங்கள். அப்படிச் சேர்த்ததை ஒரு முறை பயன்படுத்திக் கொட்டிவிட வேண்டும்.

இறக்க, பெரிய அன்னக்கூடையில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் போட்டு அதற்குள் பாட்டில்களை நிறுத்துங்கள். மூன்று கரைசலும் அலசும் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், 24 என்றால் எல்லாம் 24. டெவலப்பரை மட்டும் குளிரவைத்து 33 டிகிரி தண்ணீரில் அலசினால் ஜெலட்டின் சுருங்கிச் சொரசொரப்பாகிவிடும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

டி-76 மாதிரியானவை பாட்டில் நிறைய இருந்தால் ஆறு மாதம், பாதி காலியானால் இரண்டு மாதம். எதிரி காற்றுதான். பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை ஊற்றுங்கள். கொஞ்சம் எடுத்த பிறகு கோலிக்குண்டுகளைக் கழுவி உள்ளே போட்டு மட்டத்தை மறுபடி ஏற்றலாம். மெட்டோல் பொடி வெள்ளையாக இருக்கும்வரை நல்லது, லேசான பழுப்புக்குக் கூடப் பயமில்லை. காபி நிறம் ஆனது வேண்டாம்.

ஆபத்து உண்டா?

அமிலக் குளியல் மாதிரிப் பயப்பட ஒன்றுமில்லை, அலட்சியம்தான் ஆபத்து. மெட்டோல் சிலருக்குத் தோலில் அரிப்பும் வெடிப்பும் கொண்டுவரும். ஒரு முறை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலே வரும், முதல் நாளிலிருந்தே கையுறை போடுங்கள். பொடி அளக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு முகக்கவசம் மாட்டுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் சல்பைட், ஃபிக்ஸர் வாடையிலிருந்து தள்ளி இருப்பது நல்லது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஃபிக்ஸரோடு பிளீச்சிங் பவுடரோ வலுவான ஆசிட்டோ சேரவே கூடாது. பாத்ரூமில் கழுவுகிறவர்கள், அங்கே வைத்திருக்கும் கிளீனரை அன்றைக்கு வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம்: குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். டி-23 பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளை லேபிள் படிக்காது. தனி பாட்டில், பூட்டும் அலமாரி.

பயன்படுத்திய ஃபிக்ஸரை என்ன செய்வது?

அதில் வெள்ளி கரைந்திருக்கிறது. செப்டிக் டாங்க் உள்ள வீடென்றால் அதில் ஊற்றவே கூடாது, உள்ளே வேலை செய்யும் கிருமிகள் செத்துவிடும். ஒரு பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வையுங்கள். சோப்பு கலக்காத இரும்பு நார் உருண்டை ஒன்றைப் போட்டு ஒரு வாரம் விட்டால் இரும்பு கரைந்து வெள்ளி கறுப்புச் சேறாகக் கீழே படியும். எக்ஸ்ரே பிலிம் கழுவும் இடங்களில் பழைய ஃபிக்ஸரை வாங்கிப் போக ஆள் வருவதுண்டு, தெரிந்த இடம் இருந்தால் உங்கள் கேனையும் அவர்களிடம் சேர்த்துவிடலாம். வெள்ளியை விற்று மெட்டோல் வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நான் போட்டேன், பஸ் செலவுக்குக் காணாது.

கலர் பிலிமுக்கும் இப்படிக் கலக்கலாமா?

கலர் நெகட்டிவ் கழுவும் முறையான சி-41க்குக் கிட் வாங்குங்கள். அதன் டெவலப்பர் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 வினாடி, கால் டிகிரி பிசகினாலும் நிறம் மாறும். ஒரே ஆறுதல், அந்தச் சூட்டுக்குத் தண்ணீரைக் கொண்டுவர மே மாதத்தில் அடுப்புப் பற்றவைக்கத் தேவையில்லை. மொட்டைமாடித் தொட்டியே கொடுத்துவிடும்.